ஐந்து மணிக்குள் ஒரு மொழி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாட்களுக்கு முன், காலை எட்டேகாலுக்கு, அத்தை போன் செய்து மூச்சு வாங்கக் கேட்டாள்: "எட்டாம் நம்பர் ட்ராம் தடம் புரண்டுடுச்சாமே, நீ வேலைக்குப் போய்ச் சேந்துட்டியா?"

சேர்ந்துவிட்டேன். ட்ராமும் பெரிதாக ஒன்றும் புரளவில்லை. சக்கரம் ஒன்று தண்டவாளத்தை விட்டு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் இத்தனை நாடுகள் தள்ளி இருக்கும் அத்தைக்கு, இந்த ஊர் ட்ராமுக்கு எண் உண்டு என்பதே தெரியாது. "உனக்கு யாரு சொன்னா?" என்றேன். அத்தை ஐந்து விநாடி தாக்குப்பிடித்தாள். அவளுக்கு அது பெரிய சாதனை.

"உங்கப்பாதான். தினமும் உன் ஊர் ரேடியோல ட்ராஃபிக் நியூஸ் கேக்குறாரு. அதுக்குன்னே அந்த பாஷைய படிச்சாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

சொல்ல வழியே இல்லை. நானும் அப்பாவும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

அவர் இன்று மாலை ஐந்து மணிக்குள் அடுத்த மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே ஐந்து என்றால் இங்கே மதியம் ஒன்றரை. இப்போது இங்கே மணி பத்தரை. பால் பாட்டில்களுக்கு மூடி போடும் இயந்திரத்தை நிறுவி, ஓடவைத்துவிட்டு, அடுத்த தொழிற்சாலைக்குப் போவது என் தொழில். இன்று ஓர் உதிரி பாகம் வரும்வரை இயந்திரம் நிற்கிறது. தொழிற்சாலை கேன்டீனில் நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அவருக்கு அறுபத்திரண்டு வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருக்கு ஒரே மகள், அவளோ கல்நெஞ்சுக்காரி, அவள்" [இங்கே நிறுத்திவிட்டேன். என்னை நானே திட்டிக்கொண்டால் வாசகர் என் பக்கம் வந்துவிடுவார் என்று ஒரு கணக்கு. மலிவான தந்திரம்.]

இரண்டாம் தொடக்கம்: "அப்பா" [ஒரே சொல். அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை எழுதியதும் பேனா சண்டைக்குப் போகிறது.]

ஆகவே இனி அவர் 'பயிற்சியாளர்'. நான் 'மகள்'. இருவரையும் எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம்.

3

பயிற்சியாளரின் கார் வெள்ளை, பதினோரு வருஷப் பழசு. அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் முகம் வெளிறிப்போகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது இதுதான்: "பயப்படாதீங்க. என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு." அதைக் கேட்டதும் பாதிப் பேருக்குக் கை நடுக்கம் நின்றுவிடும்.

பதினோரு மணி மாணவி இறங்கிப் போனதும் அவருக்கு அரை மணி நேரம் ஓய்வு. காரைத் தபால் நிலையச் சுவரோரமாக நிறுத்தி, தன் வழக்கமான பக்கத்து இருக்கைக்கு மாறி, போனை டாஷ்போர்டில் சாய்த்து வைத்து, வேறொரு நாட்டின் காலை எட்டு மணியைக் கேட்பார். மடியில் அந்த ஊரின் வரைபடம் இருக்கும். மடித்து மடித்து ஓரங்கள் கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். செய்தி வாசிக்கிறவள் சொல்லச் சொல்ல அவர் விரல் தெருத்தெருவாகப் போகும். ஆற்றுப் பாலத்தில் நெரிசல். சந்தை முனையில் குழாய் வேலை. எட்டாம் நம்பர் ட்ராம் பத்து நிமிஷம் தாமதம்.

"இன்னைக்கு லேட்டாத்தான் போவா" என்று ஸ்டியரிங்கிடம் சொல்வார். ஓட்டுநர் இருக்கையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

[மகள் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அத்தைக்கு நான் அனுப்பும் பார்சல்களில் முகவரி இருக்கும். பார்சலைப் பிரிக்கும்போது அட்டைப்பெட்டியை மட்டும் அவர் கேட்டு வாங்கிக்கொள்வாராம். எதற்கு என்று அத்தை கேட்டதற்கு, ஸ்பேனர் போட்டு வைக்க என்றாராம்.]

மகள் முதல் நாட்டில் இருந்தபோது அந்த மொழியைப் படித்தார். சான்றிதழ் கைக்கு வந்த மாதம் அவள் இரண்டாவது நாட்டுக்குப் போய்விட்டாள். சரி என்று, மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். மீசை அரும்பாத பிள்ளைகளோடு சனிக்கிழமைதோறும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். ஒருமுறை வீட்டுப்பாடம்: 'உங்களுக்குப் பிரியமான ஒருவருடன் உரையாடல் எழுதுக.' பயிற்சியாளர் எழுதியது இது:

இடது பக்கம் திரும்பு. மெதுவாக. கண்ணாடியைப் பார். அவசரமில்லை. நிறுத்து.

கீழே ஆசிரியை சிவப்பு மையில், 'நன்று. ஆனால் எதிரில் இருப்பவர் ஒன்றுமே பேசவில்லையே?' என்று கேட்டிருந்தாள்.*

* நோட்டைப் பார்த்தது அத்தை. அப்பாவுக்குத் தமிழிலும் அவ்வளவுதான் பேசத் தெரியும். [அப்பா என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.]

4

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆறு வருஷங்களுக்கு முன் மகள் வெளிநாட்டு வேலைக்கு ஒரு நேர்காணலுக்குப் போய் வந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்று நிறுவனத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தார்கள். மகள் வெளியே போயிருந்தாள். பயிற்சியாளர் எடுத்து, "அவளுக்கு இஷ்டமில்லைங்க, வேற ஆள பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்று வாரம் காத்திருந்துவிட்டு, மகள் தானே அவர்களைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

"வழி தெரியாத ஊரு. எங்கயாவது போய் மோதிக்குவே. பிரேக் போட்டேன், அவ்வளவுதான்."

"இது உங்க கார் இல்ல."

அதுவே கடைசி வாக்கியம். இரண்டே மாதத்தில் அவள் வேறொரு நிறுவனத்தில் வேலை தேடிக்கொண்டு கிளம்பினாள். விமான நிலையத்துக்கு அத்தை மட்டும் வந்தாள். பயிற்சியாளருக்கு அன்று வகுப்பு இருந்ததாம்.

முதல் மூன்று தடவை எழுதியபோது அவர் அரக்கனாகத்தான் வந்தார். எழுதுவதற்கும் சுகமாக இருந்தது. நான்காவது முறை ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது: அம்மா இறந்து அப்போது பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது, அந்த வீட்டில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். அவர் செய்தது தப்பு. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரியையும் என்னால் அடிக்க முடியவில்லை.

[மணி பன்னிரண்டு பத்து. அங்கே மூன்று நாற்பது.]

5

இந்தக் காட்சி அத்தை சொன்னது. அவளும் கூடப் போயிருந்தாள். பேனா மூடியைக் கடிப்பது மட்டும் நான் சேர்த்தது.

மொழிப் பள்ளியின் சேர்க்கை ஜன்னல். மகளுக்கு இரண்டு ஊர்களிலிருந்து வேலை வந்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று அத்தை உளறியிருந்தாள். அவள் போய் இறங்கும் நாளில் தானும் முதல் பாடத்தில் இருக்க வேண்டும் என்பது பயிற்சியாளரின் ஆசை. இந்த முறையாவது பிந்திவிடக் கூடாது. இரண்டு மொழிகளுக்கும் அத்தையே பெயர் வைத்திருக்கிறாள்: ஒன்று தொண்டை பாஷை, மற்றொன்று பாட்டு பாஷை.

"ரெண்டுக்கும் பேரு குடுத்துடறேம்மா" என்றார் பயிற்சியாளர்.

"ரெண்டும் சனிக்கிழமை பத்தரைக்குத்தான் சார். ஒண்ணுதான் எடுக்க முடியும்" என்றாள் ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர்.

"ஒண்ணு எடுத்துட்டு, நடுவுல மாத்திக்கலாமா?"

"முடியாது சார். அடுத்த வருஷம்தான்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எது பிடிக்கும்?"

"எனக்கு எதுவும் பிடிக்காதும்மா."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் பேனா மூடியைக் கடித்தார். படிவத்தில் எல்லாம் எழுதியாகிவிட்டது: வயது, தொழில், முன்பு கற்ற மொழிகள் இரண்டு. 'கற்பதன் நோக்கம்' என்ற இடத்தில் 'போக்குவரத்து' என்று எழுதியிருந்தார். 'மொழி' என்ற கட்டம் மட்டும் காலி.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சுபோச்சு. நம்பர் வேணுமா?" என்றாள் அத்தை.

"வேணாம்" என்றார் அவர். "என்கிட்ட இருக்கு."

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க சார்" என்றாள் எழுத்தர்.

அவர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று செவ்வாய். நம்பர் எத்தனை வருஷமாக அவரிடம் இருக்கிறது என்று நான் அத்தையிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

6

முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு: பயிற்சியாளர் தொண்டை பாஷையில் சேர்கிறார். மகள் பாட்டு பாஷை ஊருக்குப் போகிறாள். ஒரு வருஷம் முழுக்க, அவள் இல்லாத ஊரின் நெரிசல்களை அவர் கேட்டுக்கொண்டிருக்கி [வேண்டாம். என்னால் இதை எழுதி முடிக்க முடியாது.]

இரண்டாம் முடிவு: சரியான மொழியையே தேர்ந்தெடுக்கிறார். நல்லது. அப்புறம்? மறுபடி தபால் நிலையச் சுவர், மறுபடி வரைபடம். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார், அவளும் தெரியாததுபோலவே இருப்பாள்.

மூன்றாம் முடிவு: அத்தை தூது போகிறாள். இதைத்தான் நேற்று முயன்று பார்த்தேன். "நீ சொல்லிடு அத்தை, நான் எந்த ஊருன்னு." அத்தைக்கு வந்ததே கோபம். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்பெட்டியா? ஆறு வருஷமா வாய் வலிக்குது எனக்கு. நீயே சொல்லிக்க." வைத்துவிட்டாள். ரகசியம் தங்காத அத்தையின் வாய்க்கு ஒருவழியாகப் பூட்டு விழுந்துவிட்டது.

7

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த ஊருக்குப் போவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இரண்டு வேலையும் ஒன்றுதான், இரண்டும் மூடி போடும் இயந்திரம்தான். இந்த நோட்டின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, சாதகம் பாதகம் எழுதிப் பார்த்தேன். சம்பளம், வாடகை, குளிர். நேற்று மாலை படித்தபோது, பாட்டு பாஷை ஊரின் கீழே என் கையெழுத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: 'ரேடியோவில் மெதுவாகப் பேசுகிறார்கள்.' தொண்டை பாஷை ஊரின் கீழே: 'ட்ராம் இல்லை, பஸ் மட்டும். வரைபடம் சிக்கல்.'

எனக்கு எதற்கு ரேடியோ? ஒன்பது நாளாக இரண்டு ஊர்களின் போக்குவரத்துச் செய்தியையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அறுபத்திரண்டு வயதுக் காதுக்கு எது சுலபம் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் என் ஊருக்காக மொழியைத் தேடுகிறார். நானோ அவர் மொழிக்காக ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்படியே போனால் இரண்டு பேரும் இருந்த இடத்தைவிட்டு நகரப்போவதில்லை.

எனக்கு அவர் குரல் வேண்டும். 'மெதுவாக' என்று அவர் தமிழில் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு இருவரும் புதிதாக ஒரு மொழியும் படிக்க வேண்டியதில்லை. அதனால்தான் இத்தனை பயம்.

மணி ஒன்று பத்து. அங்கே நாலு நாற்பது. இப்போது அவர் பள்ளி வாசலில் காரை நிறுத்தியிருப்பார். இறங்கியிருக்க மாட்டார். படிவம் ஸ்டியரிங் மேல் இருக்கும். எந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார் என்று எழுத வந்தேன்.

[ஒன்று பதின்மூன்று.]

உதிரி பாகம் வந்துவிட்டது என்று கேன்டீன் வாசலில் இருந்து கையசைக்கிறார்கள். ஐந்து நிமிஷம் என்று கை காட்டியிருக்கிறேன். இந்தக் கதைக்கு ஒழுங்காக ஒரு முடிவு எழுத எனக்கு அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அந்தச் சேர்க்கை ஜன்னலை மூடிவிடுவார்கள்.

ஆகவே முடிவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு போன் பண்ண வேண்டியிருக்கிறது.