சிவப்பை இழுத்துப் போட்டவள்

புதிய தீ அபாய வரைபடம் வெளியான செவ்வாய்க்கிழமை காலை, டெல்ஃபின் ஓக்ரெனின் சமையலறையில் வெண்ணெய் உருகி ஓடியது. நாலு எட்டு தள்ளிப் படுக்கையறையில் குடிதண்ணீர் சில்லென்றே இருந்தது. அபாயம் கூடிய சிவப்பையும் குறைந்த மஞ்சளையும் பிரிக்கும் வரைபடக் கோடு அவள் வீட்டு நடைவழியாகப் போனதுதான் காரணம். கலிபோர்னியா மலையடிவாரத்து மெர்ரோ மேட்டில் அன்று சிவப்பில் விழுந்த நூற்றுப்பத்து வீடுகளிலும் தரை செங்கல் நிறமாகி உள்ளங்காலைச் சுட்டது. மஞ்சளில் விழுந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

டெல்ஃபினுக்கு எரிச்சல் அந்தத் தூக்கத்தின் மேல்தான். பழைய வரைபடத்தில் அவள் வீடு முழுக்க மஞ்சள். மஞ்சள்தானே என்று கிளம்பாமல், தோட்டக் குழாயைப் பிடித்தபடி கூரை மேல் நின்றார் அவள் கணவர் ஓரின். ஏழு வருஷத்துக்கு முன் வந்த காட்டுத்தீயில் வீடும் அவரும் ஒரே மதியத்தில் போனார்கள். அதே இடத்தில் அவள் மறுபடி கட்டிக்கொண்டாள். அவளுக்கென்று மிஞ்சியவர் சாலைக்கு எதிரே மஞ்சளில் குடியிருந்த ஓரினின் தம்பி வெண்டல் ஒருவர்தான். அவர் கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் பைன் மரத்துக் காய்ந்த ஊசியிலைகள் சாண் உயரம் கிடந்தன. சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருந்தது.

"நான் மஞ்சள்மா. சர்க்காரே சொல்லிருச்சு. நீ போய் உன் அடுப்பங்கரையப் பாரு," என்பார்.

"உங்க அண்ணனும் மஞ்சள்தான்."

அதற்கு மேல் வெண்டல் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார்.

சிவப்பில் இருந்தவர்கள் புதர்களை வெட்டினார்கள், மரக்கூரையைப் பிரித்துத் தகடு போட்டார்கள், காற்றுத் துளைகளுக்குக் கம்பி வலை அடித்தார்கள். தரை துளியும் வெளுக்கவில்லை. தீயணைப்பு நிலையத்தில் கூட்டம் கூடியது. அதிகாரி மிஸ் தவாரெஸ் பதினோராவது முறையாகச் சொன்னாள்: "நிறம் உங்க வீட்டுக்கு இல்லைங்க, நிலத்துக்கு. சரிவு, புதர், காத்து, பறந்து வர்ற கங்கு, எல்லாத்தையும் அம்பது வருஷத்துக்குக் கணக்குப் போட்டது. புதர வெட்டுனா வீடு தப்பிக்கலாம். நிறம் போகாது."

"அப்ப எதுக்கு வெட்டணும்?" என்றார் ஆறு வாடகை வீடுகளின் சொந்தக்காரர் ப்ராக்வே.

"வீடு தப்பிக்கத்தான்னு இப்பத்தானே சொன்னேன்!"

"மஞ்சள்னா எரியாதுல்ல?" என்று பின்வரிசையிலிருந்து வெண்டல் கேட்டார்.

"எரியும்ங்க. சிவப்பவிட வாய்ப்புக் கம்மி, அவ்வளவுதான்."

'கம்மி' என்பதை மட்டும் வெண்டல் காதில் வாங்கிக்கொண்டார்.

ஊர் மன்றத்தால் ஒரு நிறத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது என்பது சட்டம். எதிர்ப்பக்கத்தையும் சிவப்பாக்குங்கள் என்று டெல்ஃபின் எழுதிக் கொடுத்தாள். காப்பீட்டுக்காரன் ஓடிவிடுவான் என்று ப்ராக்வே கத்தினார். மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேரும் கை தூக்கி மனுவைத் தள்ளினார்கள்.

மறுநாள் காலை அவள் நடைவழியில் மண்டியிட்டு, கோட்டின் விளிம்பில் வெண்ணெய்க் கத்தியைச் செருகிக் கிளப்பினாள். கம்பளத்தின் ஓரம் மாதிரி வந்தது. ஒன்பது நாள் இழுத்தாள். அவள் படுக்கையறை சிவந்தது, முற்றம் சிவந்தது. சாலையில் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. பத்தாம் நாள் சிவப்பு வெண்டலின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

"எடு இத! காலு வேகுது!"

"மொதல்ல தகரத்துல கெடக்கிறத வழிச்சுப் போடுங்க."

கோபத்தோடு வழித்துப் போட்டார். விறகை முப்பதடி தள்ளி அடுக்கினார். பிறகு கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்.

"எல்லாம் பண்ணியாச்சு. இன்னும் செவப்பாத்தான இருக்கு?"

"இருக்கும்."

"ஏமாத்திட்ட."

நிலத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் இன்னொரு முறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

அக்டோபரில் பள்ளத்தாக்கிலிருந்து தீ ஏறி வந்தது. கால் வெந்து எப்படியும் விழித்திருந்த வெண்டல்தான் ஊரில் முதலில் வண்டியைக் கிளப்பினார். அவள் வாசலில் நின்று, அவள் ஏறும்வரை ஹாரன் அடித்தார். பதினொரு வீடுகள் போயின. அதில் ஏழு மஞ்சள். இவர்கள் இருவர் வீட்டுக் கூரையிலும் கங்கு விழுந்து, பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அணைந்திருந்தது.

அச்சடித்த வரைபடத்தில் வெண்டல் வீடு இன்றைக்கும் மஞ்சள்தான். அதிகாரிகள் வந்து பார்த்து, தரையைத் தொட்டு, கையை உதறிக்கொண்டு போனார்கள். அவர் இன்னமும் டெல்ஃபினைத் திட்டுகிறார். மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தார் ஈரத்துணியை அவர் படுக்கையறையில்தான் காயப்போடுகிறார்கள்.