இரண்டு வாரத்துக்கு ஒரு மெமரி கார்டு

பிப்ரவரியில் கட்டுப்பாட்டு அறையின் கம்ப்யூட்டர் நின்றுபோனது. சுரங்கத்துக்குள் ஏழு இடங்களில் இருந்த கருவிகள், காற்றில் தீப்பிடித்து வெடிக்கக்கூடிய மீத்தேன் வாயு எவ்வளவு என்று நொடிக்கு ஒரு தரம் அதற்குச் சொல்லும். அது திரையில் காட்டும். அளவு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் மேலேயும் கீழேயும் சங்கு ஊதும். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. ஜியு பள்ளத்தாக்கில் மூடுவதற்கு நாள் குறித்துவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் எங்களுடையதும் ஒன்று. என் கணவர் அவ்ராம் அங்கேதான் ஆட்களைக் கூண்டில் கீழே இறக்குகிற எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மின்பிரிவில் இருந்த ரேமுஸ் வந்து பெட்டியைத் திறந்தான்.

"ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு வெட்டூரியா அக்கா. புதுசு வாங்கித்தான் ஆகணும்."

எஞ்சினியர் டுமித்ராஷ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மூடப்போற சுரங்கத்துக்குப் புது சாமான் கேட்டா மேல இருக்கறவங்க என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. ஏதாவது பண்ணு ரேமுஸ். நீதான் செத்த கோழியையே கூவ வைக்கிற ஆளாச்சே."

மறுநாள் ரேமுஸ் தன் வீட்டுக் காமிராவிலிருந்த மெமரி கார்டைக் கொண்டுவந்தான். கம்ப்யூட்டர் எழுந்து ஓடத் தேவையானதையெல்லாம் அதில் ஏற்றினான். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அதைச் செருகி, நழுவாமல் நாடா போட்டு ஒட்டினான். பொத்தானை அழுத்தியதும் திரையில் ஏழு எண்களும் வந்தன. எஞ்சினியர் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

"சார், இது ரெண்டு வாரத்துக்குத்தான்," என்று ரேமுஸ் அவர் பின்னாலேயே போனான். "நொடிக்கு நொடி இதுல எழுதிட்டே இருக்கும். இந்தக் கார்டு அதுக்குச் செஞ்சதில்ல. தேஞ்சு போயிடும்."

"ரெண்டு வாரம் போகட்டும், பாப்போம்."

என்னிடம் திரும்பி வந்து திரையின் மூலையைக் காட்டினான். "அப்பப்ப மெதுவா ஓடும், பரவாயில்ல. ஆனா இந்தக் கடிகாரம் நின்னுச்சுன்னா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க. எழுத முடியாம திணறுதுன்னு அர்த்தம். அப்புறம் திரையில நிக்கறது பழைய நம்பர். கீழ என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. சங்கும் ஊதாது."

மார்ச்சில் புது டிஸ்க் வேண்டுமென்று எழுதிக் கேட்டான். ஜூனில் மறுபடி எழுதிக் கேட்டான். இரண்டு கடிதத்தையும் எஞ்சினியர் மேஜையில் வைத்துவிட்டு வரும்போது எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனான். கோடை முழுக்கக் கம்ப்யூட்டர் சொன்னபடியே அவ்வப்போது மெதுவாக ஓடியது. கடிகாரம் கால் நிமிஷம் தயங்கும், பிறகு தாவிப் பிடித்துக்கொள்ளும். நானும் பழகிவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஷிஃப்டில், நிலக்கரி வெட்டுகிற நான்காம் முகப்பில் பதினொரு பேர் இறங்கியிருந்தார்கள். திரையில் நான்காம் எண்ணுக்கு எதிரே 0.4 என்று இருந்தது. ரொட்டியும் உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பும் சாப்பிட்டுவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது திரையின் கடிகாரம் 9.38 காட்டியது. சுவர்க் கடிகாரத்தில் 9.50.

கடிகாரம் நின்றது கோர்ட்டிலும் வந்தது. அடுத்து நான் செய்தது வரவில்லை. நான் உடனே கூப்பிடவில்லை. வழக்கம்போல் தாவிப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். போன வாரம் இதே மாதிரி கூப்பிட்டபோது, ரேமுஸ் மூன்று மாடி ஏறி வருவதற்குள் அது சரியாகிவிட்டது. வீணாக ஏற்றிவிட்டோமே என்று கூச்சமாக இருந்தது. தேநீரைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோதும் 9.38தான். போனை எடுத்தபோது மணி பத்து அடித்து இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

ரேமுஸ் ஓடிவந்தான். திரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். கீழே பேசும் போனைப் பிடுங்கினான்.

"நாலாம் முகப்பு, எல்லாரும் வெளிய வாங்க. மெஷினைத் தொடாதீங்க, அப்படியே விட்டுட்டு நடங்க. யாகோப் எங்க? நிகோரா எங்க? போய்ச் சொல்லுங்க, சீக்கிரம்."

யாகோபும் நிகோராவும் முகப்பின் அந்தக் கடைசியில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது. கையில் எடுத்துப்போகும் மீத்தேன் கருவி ஒன்றே ஒன்று. அது மேஸ்திரியின் இடுப்பில், இந்தக் கடைசியில் இருந்தது. மணி 10.11க்கு எங்கள் காலடித் தரை ஒரு முறை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

ஒன்பது பேர் நடந்து வந்தார்கள். யாகோபின் உடலை மதியம் மேலே ஏற்றினார்கள். நிகோரா தீக்காயத்தோடு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான்.

விசாரணையில் எஞ்சினியர், தனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை என்றார். அனுமதியில்லாத கார்டை ரேமுஸ் தன்னிஷ்டத்துக்குப் போட்டான் என்றார். கடிதங்களின் நகல் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கார்டிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை.

சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின நாள் எஞ்சினியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ரேமுஸ் உங்ககிட்ட ஏதாவது எச்சரிக்கை சொன்னானா வெட்டூரியா? சொன்னான்னா, அப்புறம் நீங்க ஏன் உடனே கூப்பிடலன்னு கேப்பாங்க. யோசிச்சுப் பாருங்க. அவ்ராமுக்கும் பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருஷம்தானே?"

மறுநாள் கோர்ட்டில் கேட்டார்கள். "ஞாபகம் இல்லைங்க," என்றேன். கடிதம் பற்றிக் கேட்டார்கள். "எனக்குத் தெரியாதுங்க." ரேமுஸுக்கு மூன்று வருஷம் கொடுத்தார்கள். எஞ்சினியர் ஓய்வு பெற்றுக் கடலோரம் போய்விட்டார்.

இந்த ஏப்ரலில் பஸ் நிறுத்தத்தில் ரேமுஸைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. ஓடிப்போகத்தான் முதலில் தோன்றியது. நானே போய், கூப்பிடாமல் விட்ட அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைச் சொன்னேன்.

"தெரியும்க்கா," என்றான். "திரையில 9.38, சுவத்துல பத்து அஞ்சு. கழுவின டம்ளர்ல இன்னும் தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப ஏன் கோர்ட்டுல சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன். பதினெட்டு நாள் விசாரணை. தினமும் நீங்க உள்ள வரும்போது உங்க மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசி நாள் நானாவது சொல்லியிருக்கலாம். அதுக்குள்ள எனக்கு வெறுத்துப் போச்சு."

"என்னை மன்னிச்சுடுன்னு கேக்க வாய் வரல."

"கேக்காதீங்க. என் பொண்ணு ரெண்டு வருஷமா என்கூடப் பேசறதில்ல. அவ கிளாஸ்லதான் நிகோரா மகன் படிக்கிறான்."

பஸ் வந்தது. ஏறிப்போய்விட்டான்.

மறுவாரம் நான் எல்லாவற்றையும் எழுதி அரசு வக்கீல் அலுவலகத்தில் கொடுத்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் முழுக்கப் படித்தாள். முத்திரை குத்தினாள்.

"வழக்கு முடிஞ்சு போச்சேம்மா. இதை இனி யாரு பாப்பாங்கன்னு எனக்குத் தெரியல."

"வச்சுக்குங்க," என்றேன். அங்கிருந்து நேராக நிகோராவின் மனைவி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவளிடம், வாசலில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவள் கதவைச் சாத்திவிட்டாள். மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் படியிறங்கினேன்.