பதினாறாவது குமிழ்

"இடது பக்கம் ஒண்ணுமே கேக்கலடி" என்று பாடகன் பெடியாகோ மைக்கிலேயே சொல்லிவிட்டான். பந்தல்களின் கீழ் கறுப்பும் சிவப்புமான துக்க உடையில் உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. கானாவின் குமாசி நகரில் ஒரு தலைமையாசிரியரின் இறுதிச் சடங்கு. சாவு வீட்டிலும் இவனுக்கு இதே ரகளைதான்.

கூட்டத்துக்குப் பின்னால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேசையில் இருந்த அவன் தங்கை அஃப்ரியே பல்லைக் கடித்தாள். பதினோரு வருஷமாக இதே கூத்து. கிடாரைக் கூட்டினால் பாடகன் கையைத் தூக்குவான், பாட்டைக் கூட்டினால் கிடார்காரன் முறைப்பான். ஒவ்வொருத்தனுக்கும் காலடி ஸ்பீக்கரில் தன் சத்தம்தான் பெரிதாகக் கேட்க வேண்டும். அதற்காகவே எந்த வயரும் செருகாத பதினாறாவது குமிழின் மேல் வெள்ளை டேப் ஒட்டி 'அண்ணன்' என்று எழுதி வைத்திருந்தாள். அவன் கையைத் தூக்கினால், அவன் பார்க்கும்படி அதைத் திருப்புவாள். "ஆங், இப்ப சரி" என்று கட்டைவிரலைக் காட்டுவான். அவனைத் தவிர மொத்தக் குழுவுக்கும் இது தெரியும்.

இன்று திருப்பினாள். கட்டைவிரல் வரவில்லை.

"இன்னும்."

கடைசிவரை திருப்பினாள்.

"இன்னும் கொஞ்சம் வைடி. அந்தக் காதே அடைச்சுப் போச்சு."

அவள் தன் மைக்கை எடுத்தாள். "ஜனங்களுக்குக் கேக்குதுண்ணே. அது போதும், பாடு."

கூட்டம் மறுபடி சிரித்தது. அவனும் சிரித்தான், ஒரு பக்கமாக. இரண்டு பாட்டுப் பாடினான். சுருதி விலகியது. குடித்திருக்கிறான் என்று நினைத்து அவளுக்கு ஆத்திரம் வந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் ஸ்டாண்டைப் பிடித்தபடி அப்படியே சாய்ந்தான். மைக் தரையில் மோதிய சத்தம் எல்லா ஸ்பீக்கரிலும் இடித்தது. அவள் கை முதலில் செய்தது, சத்தத்தைக் குறைத்தது. அப்புறம்தான் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "மூளையில ரத்தம் அடைச்சிருக்கு. எப்பலேர்ந்து இப்படி?"

"கீழ விழுந்தப்பதான் சார்" என்றான் கிடார்காரன் அனோச்சி.

"அதுக்கு முன்னால எதாவது சொன்னாரா? தலை சுத்துது, காது கேக்கலன்னு?"

அனோச்சி அவளைப் பார்த்தான்.

"மூணு மணியிலேர்ந்து" என்றாள் அஃப்ரியே. "காது கேக்கலன்னாரு. மூணு தடவை சொன்னாரு."

டாக்டர் எழுதிக்கொண்டு உள்ளே போனார். ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோது அவர் கையில் எதுவும் இல்லை. "உயிர் போயிடுச்சும்மா" என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். டூஃபி அண்ணி சந்தைக் கடையை அப்படியே போட்டுவிட்டு, கையில் மீன் வாசனையோடு ஓடி வந்தாள். அழுது ஓய்ந்தபின் அஃப்ரியேயின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த ஊருக்குப் பாடப் போனாலும் இதையேதான் சொல்லுவாருடி. மத்தவன் எவனும் நம்ம பேச்சைக் காதுல வாங்க மாட்டான், என் தங்கச்சி மட்டும் நான் கையத் தூக்கினா உடனே திருப்பிடுவான்னு."

அஃப்ரியே விரல்களை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அண்ணி விடவில்லை.

மறுநாள் காலை சாமான்களை எடுக்க அவளும் அனோச்சியும் மைதானத்துக்குப் போனார்கள். பந்தலைப் பிரித்திருந்தார்கள். ஒரு பெண் தென்னந்துடைப்பத்தால் மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மேசையில் எல்லாக் குமிழ்களும் நேற்று இருந்த இடத்திலேயே நின்றன. பதினாறாவது, கடைசிவரை.

"அந்த டேப்பை உரிச்சிடட்டுமா?" என்றான் அனோச்சி.

"வேணாம். ஜெனரேட்டரைப் போடு."

"எதுக்குக்கா? யாரு பாடப் போறா?"

அவள் மேடைக்குப் போய், விழுந்து கிடந்த ஸ்டாண்டை நிமிர்த்தினாள். நசுங்கிய மைக்கை அதில் மாட்டினாள். வயரை இழுத்து வந்து பதினாறில் செருகினாள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், ஸ்பீக்கர் ஊளையிடாத அளவுக்குக் குமிழைக் கொஞ்சம் பின்னால் திருப்பினாள். பிறகு போய், அண்ணன் நிற்கும் இடத்தில் நின்றாள்.

காலடியில் இருந்த ஸ்பீக்கரில் துடைப்பம் மண்ணைத் தேய்க்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது.