சதீஷ்குமாரின் ஸ்பீக்கர் பெட்டிகள்

சதீஷ்குமார் செத்த மூன்றாம் நாளே விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய இரண்டு ஸ்பீக்கர்களும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஒரு மிக்ஸரும்தான் ஐந்து வாரமாகக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் நிஜாமின் கட்டிலை இடித்துக்கொண்டு கிடந்தன. கால் நீட்ட வழியில்லாமல், முட்டிக்கால் மடக்கித் தூங்கினான் நிஜாம்.

கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அதில் நிஜாம் பரிமாறுபவன், சதீஷ்குமார் பாத்திரம் கழுவுபவன். மதியக் கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்த நேரத்தில், தொட்டியடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இது தெருவுக்கே தெரியும். கிள்ளானில் டிஸ்கோ நடத்திக் கடையை மூடிய ஒருவரிடம் அவன் அந்தப் பழைய செட்டை வாங்கி, லோரியில் ஏற்றி வந்ததும் தெரியும். தெருவுக்குத் தெரியாத சங்கதி ஏது?

ஊருக்குத்தான் ஒன்றும் தெரியாது. பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் அவன் மனைவி மலருக்கு, புருஷன் கோலாலம்பூரில் சவுண்டு கம்பெனியில் இன்ஜினியர். கோயில் திருவிழா வந்தால் நிஜாமின் இஸ்திரி போட்ட சட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, யாருடைய மிக்ஸரிலோ ஒரு விரலை வைத்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நிற்பான் சதீஷ்குமார். படம் எடுத்து அனுப்புவது நிஜாம். பிணத்தோடு போன காகிதத்தில் உண்மை எழுதித்தான் இருந்தது. அழுகிற வீட்டில் காகிதம் யார் படித்தார்கள்?

மலர் வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவாள்.

"அண்ணே, செட்ட எப்ப அனுப்புறீங்க? என் தம்பி ரெண்டு கல்யாணத்துக்கு வாடகைக்குச் சொல்லி வச்சிருக்கான். மலேசியாவுல இன்ஜினியரா இருந்தவரு செட்டுன்னா நாலு பேரு கூப்பிடுவாங்க. புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் வேற என்னண்ணே பண்ணுவேன்?"

"அனுப்புறேன்மா. ஒடையாமப் போகணும்ல, அதான் விசாரிக்கிறேன்."

விசாரிக்கத்தான் செய்தான். அவன் விசாரிக்காதவர்களும் வந்து சொன்னார்கள். மாடிப்படி ஓரம் பூக்கடை போட்டிருக்கும் லெட்சுமி அக்கா, மல்லிகைச் சரத்தோடு சேர்த்து ஊர் வம்பையும் தொடுப்பவள், ஏறும்போதும் இறங்கும்போதும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் போகலயா தம்பி? ஆளே போய்ட்டாரு, பெட்டிக்கு என்னா லா இவ்ளோ யோசனை? என் தங்கச்சி மவன் ரேடியோவ ரெண்டு தலகாணிக்கு நடுவுல வச்சுத்தான் அனுப்புனான். நல்லபடியா போய்ச் சேந்துச்சு."

"பாடுச்சாக்கா?"

"அதெல்லாம் யாரு கேட்டா?"

கடைசியில் நிஜாம் போய் நின்றது, கடல்வழி சாமான் அனுப்பும் கமலநாதனின் கடையில். தலையணை யோசனையைக் கேட்டதும் கமலநாதன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தலகாணிய அந்தக்கா தலைக்கு வச்சுக்கச் சொல்லு. ஸ்பீக்கர் முகத்துக்கு பிளைவுட் அடிக்கணும். ஆம்ப்ளிஃபயருக்குத் தனிப் பெட்டி. உள்ள இருக்குற டிரான்ஸ்பார்மர் கருங்கல்லு மாதிரி. எல்லாத்தயும் ஒண்ணாப் போட்டா, கப்பல் ஒரு ஆட்டம் ஆடுனதும் அது ஸ்பீக்கரக் கிழிச்சிட்டு வெளிய வந்துரும். மிக்ஸர் குமிழெல்லாம் கழட்டி ஒரு கவர்ல போடு. நான் கட்டுனா ஒடையாது லா. பெட்டி அந்தப் பக்கம் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிறதுதான் பிரச்சினை."

"எப்படி பாஸ்?"

"எறந்துபோன தொழிலாளியோட சொந்தச் சாமான்னு எழுதுனா சுலபமா வெளிய வரும். ஆனா அவரோட வேலை பெர்மிட் நகல் கூடப் போகணும். பொண்டாட்டி துறைமுகத்துக்கு நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். புருஷன் என்ன வேலை பாத்தாருன்னு கேப்பாங்க. அந்தப் பொண்ணு சொல்றதும் பெர்மிட்டும் ஒண்ணா இருக்கணும்."

பெர்மிட்டில் உணவகத் தொழிலாளி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

"சவுண்டு கம்பெனி அனுப்புற மாதிரி எழுதுனா?"

"அப்ப அது யாவாரச் சரக்கு. அந்தப் பொண்ணுகிட்ட இறக்குமதி லைசென்ஸ் இருக்கா? பழைய சாமான் வேற. கெடங்குலயே கெடந்து மக்கிப் போயிரும்."

"ஊருக்குப் போறவங்க யார்கிட்டயாவது கையோட..."

"ஆம்ப்ளிஃபயர் போகும். அந்த ரெண்டு எருமக்கன்ன பிளேன்ல யாரு மடியில வச்சுக்குவா?"

ஆம்ப்ளிஃபயர் மட்டும் போய் என்ன செய்ய? ஊமைக்கு மைக் கொடுத்த கதை. முழு செட்டும் போனால்தான் மலர் வீட்டில் அடுப்பு எரியும். முழு செட்டும் போக வேண்டுமானால், நாலு வருஷம் சதீஷ்குமார் பொத்திப் பொத்தி வைத்ததை நிஜாம் தன் வாயால் உடைக்க வேண்டும். துறைமுகத்தில் யாரோ ஓர் அதிகாரி காகிதத்தைப் பார்த்துப் படித்துச் சொல்லி அவள் கேட்பதைவிட, அது மேல்.

மறுநாள் நாலு மணிக்கு, கூட்டம் வடிந்த பிறகு, கடையின் பின்கட்டில் காய்ந்துகொண்டிருந்த அண்டாக்களுக்கு நடுவில் நின்று மலரை அழைத்தான்.

"கப்பல்லதாம்மா அனுப்பணும். அதுக்கு ஒரு விஷயம் நீ தெரிஞ்சிக்கணும். சதீஷ் சவுண்டு கம்பெனில இல்லம்மா. எங்க கடைலதான் இருந்தான். பாத்திரம் கழுவுற வேலை."

அந்தப் பக்கம் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எத்தன நாளாண்ணே?"

"வந்ததுலேர்ந்தே."

"அந்தப் போட்டோல்லாம்?"

"நான்தாம்மா எடுத்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

"கப்பல்லயே அனுப்புங்கண்ணே," என்றாள் மலர். "கேட்டா பாத்திரம் கழுவுனாருன்னு சொல்லிக்கிறேன்." மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சாப்பாட்டுக் கடையிலயா இருந்தாரு? கம்பெனில சோறு கெடையாது, நானே பொங்கித் திங்கிறேன்னுல்ல சொல்வாரு. அத நெனச்சு நெனச்சு எனக்கு ஒருநாளும் சோறு எறங்காதுண்ணே. அப்ப வயிறார சாப்பிட்டாருதானே? அன்னிக்கு சாப்பிட்டாரா?"

கடையில் வேலையாட்களுக்குச் சோறு கூட்டம் வடிந்த பிறகுதான். அன்றைக்குச் சதீஷ்குமார் ஒரு மணிக்கே பசிக்கிறது என்றான். "இருடா, இன்னும் நாலு மேஜை இருக்கு," என்று சொன்னது நிஜாம். காலையில் குடித்த ஒரு டீயோடுதான் அவன் போனான்.

"சாப்பிட்டாம்மா. ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்."

"என்ன கொழம்பு?"

நிஜாம் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் ஒப்பிக்கிற பட்டியல்தான். ஆனாலும் வாய் குழறியது.

"சாம்பாரு. மீன் கொழம்பு. ரசம். முட்டக்கோஸ் பொரியல், பாவக்கா வறுவல்..."

"பாவக்கா அவருக்குப் புடிக்கும்," என்றாள் மலர். "அப்புறம்?"

"அப்பளம். மோரு. அன்னிக்குப் பாயசமும் இருந்துச்சும்மா."