இருபத்தாறு பேருக்கு ஒரு அண்டா

கேம்ப்பில் அரிசி தீர்ந்து அன்றோடு மூன்று நாள். கம்பெனி முதலாளி நாட்டை விட்டே ஓடிவிட்டார் என்று தெரிந்த பிறகு தண்ணீர் லாரியும் வரவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது ஜூலை மாதம். ஷார்ஜாவுக்கு வெளியே, சஜா பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்பில் இருபத்தாறு பேர் அடைந்து கிடந்தார்கள். பாஸ்போர்ட் எல்லாம் முதலாளியின் ஆபீஸ் பெட்டிக்குள்.

மெஸ் சமையல்காரர் அம்மையப்பனுக்குத் தர்மபுரிப் பக்கம். பசிக்கிறது என்று அவரிடம் யாரும் வந்து சொல்லவில்லை. காலி அண்டாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நாலாவது ரூமில் உமாபதி எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். சிவகங்கைக்காரன், சர்க்கரை நோயாளி. மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் கேட் வாட்ச்மேன் ஒட்டியெனோ தோளில் ஒரு மூட்டையோடு வந்தான். கென்யாக்காரன். அவனுக்கும் சம்பளம் இல்லை, அவனையும் கேட்பாரில்லை. ஐந்து கிலோ மக்காச்சோள மாவு, தனக்கென்று வைத்திருந்தது. கூடவே சர்ச்சில் கொடுத்த இறைச்சிப் பை.

"பாய், எல்லாருக்கும் போடலாம்" என்றான் அரைகுறை இந்தியில்.

கேஸ் சிலிண்டர் காலி. வெளியே பலகைகளை உடைத்து அடுப்பு மூட்டினார்கள். பள்ளிவாசல் குழாயிலிருந்து நான்கு பேர் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வந்தார்கள். மாவைக் கையில் எடுத்துப் பார்த்த அம்மையப்பனுக்கு இது களிதான் என்று பட்டது. கேழ்வரகுக்கு ஊற்றுகிற கணக்கில் தண்ணீரை ஊற்றினார். மாவு இளகி, கூழாக நின்றது. ஒட்டியெனோ துடுப்பை வாங்கிக்கொண்டான். இன்னும் மாவைத் தூவி, அண்டாவை இறக்கி, சாக்கைச் சுற்றிக் காலால் அணைத்துக்கொண்டு, துடுப்பு நகர மறுக்கும்வரை அழுத்திக் கிண்டினான். வெள்ளை வெளேரென்று கெட்டியாகத் திரண்டது.

இறைச்சியை நறுக்கும்போதுதான் அம்மையப்பனுக்குச் சந்தேகம் வந்தது. ஆட்டுக்கறி நிறம் இல்லை, நாரும் வேறு.

"பக்ராதானே?"

"இல்லை பாய். மாடு."

அம்மையப்பன் கத்தியைக் கீழே வைத்தார். மெஸ்ஸில் மிச்சமிருந்த வெங்காயமும் தக்காளியும் ஏற்கனவே வதங்கிக்கொண்டிருந்தன. அந்த வாசனைக்கே ரூம்களிலிருந்து ஆட்கள் தட்டோடு வரத் தொடங்கிவிட்டார்கள். சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன? யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? உயிர் போனால் திரும்ப வருமா? கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கை இறைச்சியைச் சட்டியில் போட்டுவிட்டது. அதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் தக்காளிக் குழம்பைத் தனியாக எடுத்தும் வைத்திருந்தது.

உமாபதியைக் கைத்தாங்கலாக இரண்டு பேர் கூட்டி வந்தார்கள். நெற்றியில் அந்த நிலையிலும் திருநீறு.

"அண்ணே, ஆட்டுக்கறிதானே?"

ஆமா என்கிற வார்த்தை அம்மையப்பனின் நாக்கு நுனிவரை வந்தது. பையனின் உதடு வெடித்திருந்தது.

"இல்ல தம்பி, மாட்டுக்கறி. ஒனக்கு வெறும் கொழம்பு தனியா எடுத்து வச்சிருக்கறேன்."

வரிசையில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. இரண்டு பேர் தட்டைக் கவிழ்த்துவிட்டு ரூமுக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் நின்றார்கள். ஒருவன் குனிந்தபடியே, "போடுங்கண்ணே" என்றான். அவன் தட்டில் விழுந்ததும் வரிசை நகர்ந்தது.

உமாபதிக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. ஒட்டியெனோ பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழி அழுத்தி, குழம்பை அள்ளிக் காட்டினான். அதே மாதிரி உமாபதி மூன்று வாய் தின்றான். தின்னத் தின்னக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அம்மையப்பன் அண்டாவின் அடிக் களியைச் சுரண்டி, கவிழ்த்துவிட்டுப் போன அந்த இரண்டு பேருக்கும் கொண்டுபோய் வைத்தார். கதவைத் திறந்தவர்கள் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

ஆறு நாள் கழித்து, இந்தியக் கான்சுலேட் சார்பில் உதவிக்கு வந்தவர்கள் ஒரு பஸ்ஸும் ஒரு லிஸ்ட்டும் கொண்டு வந்தார்கள். லிஸ்ட்டில் இந்தியர்கள் மட்டும். கேட்டைத் திறந்துவிட்டது ஒட்டியெனோ.

"அவனையும் ஏத்திக்குங்க சார். அவன் மாவுலதான் நாங்க பொழச்சோம்" என்றார் அம்மையப்பன்.

"அவங்க நாட்டுக்காரங்கதான் பாக்கணும்ங்க. நாங்க எதுவும் பண்ண முடியாது."

அம்மையப்பன் பஸ் படியிலேயே நின்றார். அவன் பேரை எழுதாமல் உள்ளே ஏற மாட்டேன் என்றார். அந்த ஆள் சலித்துக்கொண்டே லிஸ்ட்டின் அடியில் பென்சிலால் எழுதினார், அதுவும் தப்பாக. அதை யாராவது படித்தார்களா என்பது அம்மையப்பனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தர்மபுரிக்கு வந்து ஒரு வருஷம் ஒட்டியெனோ தந்திருந்த நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.