கடன் இருக்கிறது என்று காட்டப் போனவன்

மொக்கைச்சாமி, தோல்ஷாப்பு மேஸ்திரி அப்பாஸ் பாய்க்குத் தரவேண்டியது நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அந்தக் கடனை நினைத்து அவன் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. ஒன்றுக்குப் போக முடியாமல்தான் கெட்டது.

நுனித்தோல் வெடித்து வெடித்து ஆறி, வாய் இறுகிவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர், "சர்க்கரை இருக்குய்யா. தோலை எடுத்துரணும்" என்றார்.

"அது எதுக்குத்தாங்கய்யா அங்க இருக்கு?"

"கண்ணுக்கு இமை மாதிரி. ஒரே தோல்தான், உள்ள மடிஞ்சு ரெண்டா நிக்கும். உள்பக்கம் உதடு மாதிரி ஈரமா இருக்கும், நுனியக் காயவிடாது. குரங்குக்கும் உண்டு. மனுசன் மனுசனாகுறதுக்கு முன்னாடியே வந்தது."

இருபது வருஷமாக ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் புரட்டியவனுக்கு, தன் தோலில் இம்புட்டு வேலைப்பாடு இருந்தது அன்றுதான் தெரிந்தது.

எடுத்தாயிற்று. ஐந்தாம் நாள் வேட்டியை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தான். சுன்னத்துப் பண்ணிக்கிட்டான் என்று சேதி முந்திக்கொண்டது. எண்பத்திரண்டாம் வருஷம், மதம் மாறுகிற பேச்சு ஊர் ஊராக ஓடிய நேரம். கோயில் வரி வசூலிக்கும் பங்காளி வீரப்பன் அவன் வாசலை மட்டும் தாண்டிப் போனான். வரி வாங்காவிட்டால் ஊரில் ஆளே இல்லை என்று அர்த்தம்.

"ஏலே வீரப்பா, என் வரி?"

"உனக்கெதுக்கு வரி? அறுத்துக்கிட்டதுக்குப் பாய் கடனத் தள்ளிட்டாராம்ல?"

"சர்க்கரைப் புண்ணுடா! சீட்டப் பாரு."

"இங்கிலீசுச் சீட்ட எவன் கண்டான்?"

மொக்கைச்சாமிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மனைவி சிவனம்மாள்தான், "கடன் இருக்குன்னுதான காட்டணும்? அந்த வீரப்பன் கண்ணு முன்னால பாய்கிட்டக் குடுத்துத் தொலச்சிரு" என்று இரண்டு ஆட்டையும் விற்றுக் காசைக் கையில் திணித்தாள். சரியாக நானூற்றுப் பன்னிரண்டு.

வீரப்பனையும் இழுத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் நின்றபடியே திண்டுக்கல் போனான். டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் போனது.

அப்பாஸ் பாய் பதறினார். "புண்ணு ஆறாம எதுக்குடா அலையுற? காசு கெடக்கட்டும். கடன விட்டுட்டேன்னு வச்சுக்க."

"பாத்தியா!" என்றான் வீரப்பன்.

"விட்டுராதீங்க பாய்! கும்பிடுறேன், வாங்கிக்கங்க!" அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாய் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பணத்தை வாங்கி, குழிக்குள் நின்றவனுக்கும் கேட்கிற மாதிரி எண்ணினார். "நானூத்திப் பதினொண்ணு. ஒத்த ரூவா எங்கடா? யார ஏமாத்துற? வைக்காமப் போனா கால ஒடிச்சிருவேன்!"

மொக்கைச்சாமி மடியைத் தடவினான். ஒன்றுமில்லை. கூலிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வீரப்பன் அங்கேயும் இங்கேயும் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினான்.

"வரியோட சேத்துக் குடுத்துரு," என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பாய் கடன் நோட்டைத் திறந்து அவன் கணக்கை அடித்தார்.