அம்மா வைத்த பெயர்கள்

ஸ்வெர்ரே பொத்தானை அழுத்தியதும் திரையில் பெயர்கள் மளமளவென்று மாறத் தொடங்கின. அம்மாவின் மடிக்கணினியில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா பதிந்துவைத்த நாளையும் நேரத்தையும் எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே வீச்சில் பெயராக்கிவிடும் மென்பொருள் அது. மணி பதினொன்று. ஒரு மணிக்கு அம்மாவின் அடக்க ஆராதனை. பிறகு தேவாலயக் கூடத்தில் காபி, நினைவுப் பேச்சு, அம்மா எடுத்த படங்கள். வரிசையாக இருக்க வேண்டாமா?

மென்பொருளை மூடினான். எழுந்து சன்னலுக்குப் போனான். உடனே திரும்பி வந்தான்.

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அக்கா ஈடுன் கத்தியோடு எட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுதுக்கா. கண்டபடி பேர் வச்சிருந்தாங்க. இப்பப் பாரு, நாள்வாரியா நிக்குது."

அவள் குனிந்து பார்த்தாள்.

"அம்மா வச்ச பேரெல்லாம் எங்க?"

"மாத்திட்டேன்."

"படிச்சியா அதை?"

"அத்தனையையும் எங்க உட்கார்ந்து படிக்க?"

ஈடுன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "யாரைப் பார்த்தாலும் ஒரு படம் எடுப்பாங்க. அந்த ஆளுக்கு என்ன வேணுமோ அதையே படத்துக்குப் பேரா வைப்பாங்க. 'பெரிட்டுக்கு வேலை', 'ஆர்னேக்கு முழங்கால்'னு. தினம் சாப்பிட்டதும் இங்க உட்கார்ந்து மேலேருந்து படிச்சிட்டே போவாங்க. அதுதாண்டா அவங்க ஜெபம்."

அவன் மென்பொருளை மறுபடி திறந்தான். பழையதைத் திருப்பித் தர அதற்குத் தெரியவில்லை. வேறு நகலும் இல்லை.

"கம்ப்யூட்டர்லயே சோறு திங்கிறவன்! ஒரு நகல் எடுத்து வைக்கத் தோணலையே!"

அவன் எண்களை மேலும் கீழும் உருட்டினான்.

"என் படத்துக்கு என்ன பேர் வச்சிருந்தாங்க?"

"உன்னோடதை நான் பார்த்ததில்லடா."

ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தான், பாடவில்லை. ஈர மண்ணில் பெட்டி இறங்கியபோதும் அந்தக் கேள்வியே அவனை அரித்தது. அவன் கடைசியாக வீட்டுக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அவனுக்காக அம்மா என்னதான் கேட்டிருப்பாள்?

கூடத்துத் திரையில் முதல் படம் விழுந்தது. பக்கத்து வீட்டு ஓஸ்முண்ட் தன் கதவருகே முறைத்துக்கொண்டு நிற்கிறார். கீழே வெறும் எண்கள்: 2021-11-09 08.10.

ஸ்வெர்ரே எழுந்தான். "அம்மா இதுக்கெல்லாம் பேர் வச்சிருந்தாங்க. உங்களுக்காக ஜெபிக்க வச்ச பேரு. நான்தான் அழிச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."



"அழிஞ்சா என்ன தம்பி?" என்றார் ஓஸ்முண்ட். "நவம்பர் ஒன்பதுதானே? என் சம்சாரம் போன மறுநாள். காலையில சுடச்சுட வாஃபிள் தட்டோட வந்து நின்னா உங்கம்மா. 'முறைக்காதீங்க, இந்த மூஞ்சியத்தான் கடவுள்கிட்ட காட்டணும்'னா."

எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்காகக் கடவுள்கிட்ட தூக்கம் கேட்டா உங்கம்மா" என்றார் மெல்ல. "வந்துச்சு."

ஈடுன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, எண்களுக்குப் பின்னால் தட்டினாள்: ஓஸ்முண்டுக்குத் தூக்கம்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அடுத்தது நான்தான். அன்னிக்கு எனக்கு ஸ்கேன்." ஒருவரின் நன்றி இன்னொருவரின் நாவை அவிழ்த்தது. நாளும் மணியும் திரையில் தெரிந்ததும் யாருக்கும் மறக்கவில்லை. தங்களுக்காகக் கேட்கப்பட்டதை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். காபி ஆறிப்போனது.

பிறகு அவன் படம் வந்தது. 2023-02-12 16.04.

சமையலறை சன்னல் வழியாக எடுத்தது. பனி கொட்டும் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கார்க் கதவைத் திறக்கிறான். கார் ஏற்றிச் செல்லும் படகைப் பிடிக்கும் அவசரம். அன்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஈடுனின் விரல்கள் எழுத்துகளின்மேல் காத்திருந்தன. யாரும் வாய் திறக்கவில்லை.

"அடுத்தது போடுடா" என்றாள் அவள், மெதுவாக.

அழுத்தினான். அதே நாள், 16.21.

அதே சன்னல், அதே முற்றம். கார் இல்லை. சக்கரத் தடங்களைப் பனி பாதிக்குமேல் மூடியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம், ஒரு முகத்தின் உயரத்தில், மூச்சுப் பட்டுப் படிந்த ஈரம்.